ரெக்சினுக்குத் தோல் வாசனை

மே 5, செவ்வாய்

காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகத்தைப் பிழிந்து போட்டுவிட்டு ஓடி வந்தேன். கத்திரி தொடங்கியாயிற்று.

வாங்க: துவரம்பருப்பு. ரவை. ஷைனிக்குத் தலைக்கு ரப்பர் பேண்ட். வாசனை போடாத சலவைத்தூள் (ஆம்பூரில் இல்லை. வேலூர் போகிறவர்கள் யாரிடமாவது சொல்ல).

ஆபீஸில் மாதக் கணக்கு இழுவை. பக்கத்து சீட் ஹசீனா வாசலிலேயே நின்று, "அக்கா, இன்னிக்கு அத்தர் போடல, உள்ள வரலாமா?" சிரித்தோம்.

மாலை டேனியல் மூன்று பாஸ் கொண்டுவந்தார். ஹைவேயில் புதிதாகத் திறந்திருக்கிற தீம் பார்க். கஸ்டமர் கொடுத்ததாம். தோல் கெமிக்கல் சேல்ஸில் இப்படி எதாவது வந்துகொண்டே இருக்கும். போன மாதம் தர்பூசணி. புது வருடத்துக்கு இந்த டைரி.

ஷைனி குதித்தாள். லெவன்த் முடித்த பெண், ஐந்து வயசு மாதிரி. உடனே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற பார்வை. மூன்று வருடமாக என் முகத்துக்கு அந்த வானத்தின் வேலைதான். நுரையீரலில் தொற்று வந்து போன பிறகு செண்ட், ரூம் ஸ்ப்ரே, வாசனை மெழுகுவர்த்தி எதுவும் எனக்கு ஆகாது. தொண்டை இறுகும், மூச்சு இழுக்கும், பிறகு நாள் முழுக்கத் தலைவலி. போன வருடம் சென்னையில் ஒரு மாலின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷைனியின் பிறந்தநாள் அன்று.

"நான் போன் பண்ணி கேக்கறேன், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் டே. (டேனியல் என்று முழுசாக எழுதச் சோம்பல்.)

எங்கே போனாலும் அவர்தான் முன்கூட்டிப் பேசுவார். மண்டபம், ஓட்டல், சொந்தக்காரர் வீடு. "சார், ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீங்க, எங்க ஊட்டு மகாராணி வர்றாங்க." இதற்காகவே அவரைப் பற்றி அம்மாவிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.


மே 7, வியாழன்

புழுக்கம். மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது.

பார்க்கில் பேசிவிட்டாராம். மழைக்காடு என்று ஒன்று, சாக்லேட் ரயில் என்று ஒன்று, இரண்டிலும் வாசனை விடுகிறார்கள். அங்கே நான் போக வேண்டாம். "ஆனா தோல் ஊருன்னு ஒரு ஹால் வச்சிருக்கான். அதுல செண்ட் கிடையாது. வெறும் தோல்தான். நீ தைரியமா வா."

தோல் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. அப்பா டேனரி கிளார்க், வீடு டேனரிக்கு எதிரில். வேலை ஷூ கம்பெனியில். அந்த நாற்றம் என் மூக்குக்குக் கணக்கிலேயே இல்லை.

திமிரியிலிருந்து அண்ணி போன். டே.யின் அக்கா. ஸ்பீக்கரில் இருப்பது தெரிந்தே, "டேனரி தெருவுல பொறந்தவ, அந்த நாத்தத்த தாங்குவாளாம். மல்லி செண்ட தாங்க மாட்டாளாம். இன்னா மூக்கோ." நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன.

சனிக்கிழமை போவதாக முடிவு. மாஸ்க் இரண்டு, இன்ஹேலர், தண்ணீர், புளிசாதம்.


மே 10, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்று சர்ச்சுக்கும் போகவில்லை. தலை இன்னும் கனம். நடந்ததை வரிசையாக எழுதினால் இறங்குகிறதா பார்ப்போம்.

வாசலில் ஏதோ பூ வாசனை, லேசாக. மாஸ்க்கோடு வேகமாகத் தாண்டினேன். மழைக்காட்டுக்குள் ஷைனி மட்டும். திரும்பி வந்தபோது துணியெல்லாம் மழை பெய்த மண் வாசனை, டப்பாவில் அடைத்தது. என்னைவிட்டுத் தள்ளியே நடந்தாள், நல்ல பெண். சாக்லேட் ரயிலுக்கு அப்பாவும் மகளும். நான் வேப்பமரத்தடியில் பைகளோடு. வருத்தமெல்லாம் இல்லை. அவர்கள் கூச்சலை வெளியிலிருந்து கேட்டதே போதுமாக இருந்தது.

பிறகு தோல் ஊர். பெரிய ஷூ மாதிரி ஒரு கட்டடம், லேஸ் ஓட்டைகள்தான் ஜன்னல். உள்ளே இருட்டு, ஏசி, கொடி கட்டித் தோல் தோலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வாசனை வந்தது. புது ஷூ பெட்டியைத் திறந்த மாதிரி, கொஞ்சம் ஜாஸ்தி இனிப்பாக.

டே. கொடியைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா எஸ்தர், ஓகேவா?"

ஓகே என்றேன். மாஸ்க்கைக் கழற்றினேன். பொது இடத்தில், நாலு பேர் நடுவில், நானாகக் கழற்றினேன். நன்றாக இழுத்து மூச்சுவிட்டேன். ஷைனி போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆம்பூர்க்காரிக்கு இதுதான்டி செண்ட்" என்று அவளிடம் பெரிய பேச்சு வேறு.

தொங்கியதில் ஒன்றைத் திருப்பினேன். கை பழக்கம். எங்கள் ஊரில் யாரும் தோலின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள், பின்பக்கத்தைத் தடவுவார்கள். பின்பக்கம் துணி. அடுத்ததும் துணி. எல்லாம் ரெக்சின்.

ரெக்சினுக்கு ஏது இந்த வாசனை?

நிமிர்ந்தால் கூரையோரம் ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து புகை மாதிரி. அதைப் பார்ப்பதற்கு முன்பே தொண்டை இறுகிவிட்டது. முன்பே. இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். வாக்கிடாக்கி வைத்திருந்த ஒருவர் ஓடிவந்தார். எனக்காக வருகிறார் என்று நினைத்தேன்.

"டேனியல் சார்! சொல்லவே இல்ல, ஃபேமிலியா? உங்க லெதர் செண்ட் செம ஹிட்டு சார். உள்ள வர்றவன் எல்லாம் ஒரிஜினல் தோல்னே நெனச்சுக்கறான். அடுத்த டிரம் எப்போ அனுப்புறீங்க?"

"அப்புறம் பேசலாம் சார். அப்புறம்."

மட்டமான பைகளுக்கு இப்படி ஒன்று அடிப்பார்கள் என்று கம்பெனியில் பேசிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டிலேயே விற்கிறவர் இருக்கிறார் என்று தெரியாது.

முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே எலுமிச்சை ஸ்ப்ரே! நர்ஸ் பெண்தான் சட்டென்று புரிந்துகொண்டு நாற்காலியைத் தூக்கி பஸ் நிற்கிற பக்கம் போட்டாள். டீசல் புகை. அது சொர்க்கமாக இருந்தது. கணியம்பாடிப் பெண். மெதுவாகச் சொன்னாள்: "உங்கள மாதிரி நெறைய பேர் வர்றாங்கக்கா. தலவலி, வாந்தி, மூச்சு. வெயிலுன்னு எழுதிடச் சொல்லியிருக்காங்க."

என்னையும் வெயில் என்றுதான் எழுதியிருப்பாள்.

திரும்பும்போது காரில் ஜன்னல்கள் நான்கும் திறந்து. அனல்.


மே 11, திங்கள்

லீவு. கஞ்சி. துணியெல்லாம் மூன்று தண்ணீரில் அலசியும் அந்த இனிப்பு போகவில்லை.

டே. பேச வந்தார். கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே. "தோல் உனக்கு ஒத்துக்கும். அதே வாசனதான, எங்க லேப்ல கலக்குறவன்கிட்ட கேட்டேன், ஒண்ணும் பண்ணாதுன்னான். நல்லதுன்னு நெனச்சுதான் சொல்லல."

போனை நீட்டினார். ஷைனி எடுத்த வீடியோ. "பாரு. எவ்ளோ நேரம் நிக்கிற. சிரிக்கிற. ஒண்ணும் ஆகல பாரு."

பார்த்தேன். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கு நிறைய இழுக்கிறாள் ஒருத்தி. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஓரமாக அவர் நிற்கிறார். பால் பொங்குமா என்று அடுப்பைப் பார்க்கிற மாதிரி.

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.


மே 13, புதன்

ஆபீஸ் போனேன். ஹசீனாவிடம் மட்டும் சொன்னேன். "எங்க ஊட்டுக்காரரா இருந்தா அந்த டிரம்முலயே முக்கி எடுத்திருப்பேன்க்கா." சிரிப்பு வந்தது. பிறகு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம்.

வடகம் காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டாயிற்று.

ராத்திரிச் சோற்றுக்கு முன் ஷைனி அடுக்களைக்கு வந்து சும்மா நின்றாள். வெங்காயம் உரித்துத் தந்தாள். கேட்காமல் உரிக்கிற பெண் இல்லை.

"மம்மி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது செண்ட்னு. டாடி காருல சொன்னாரு. மம்மிகிட்ட சொல்லிட்டா மம்மிக்கு வந்துடும், சொல்லாம பாக்கலாம்னாரு. வீடியோ எடுன்னும் அவர்தான் சொன்னாரு. எனக்கும்… உனக்கு சரியாயிட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு மம்மி."

காரில். போகும்போது நான் பின் சீட்டில் மாஸ்க்கோடு தூங்கிப்போயிருந்தேன், பள்ளிகொண்டா வரை.

வெங்காயத்தை வாங்கிக்கொண்டேன். "போய்ப் படி" என்றேன். லீவில் என்ன படிப்பு.


மே 14, வியாழன்

காற்றில்லை. அவரிடம் பேசிவிட்டேன்.

"என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இன்னா வார்த்த பேசற. சோதனயெல்லாம் இல்ல. ஒரே ஒரு தபா, குடும்பமா, நார்மலா ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரலாம்னு."

"சொல்லியிருந்தா உள்ள வந்திருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அப்புறம் கொட்டினார். மூன்று வருடமாக யார் யாருக்கோ போன் செய்து கெஞ்சுவது. மண்டபத்துக்காரன் சிரிப்பது. "உங்க வீட்டம்மாவுக்கு மெண்டல் பிரச்னையா சார்னு கேக்கறான். உன்கிட்ட வந்து சொன்னேனா? எனக்கும் பேஜாராதான் இருக்கு எஸ்தர்."

சொன்னதில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாவமாக இருந்தது. கையைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்தில்தான் அடுத்ததைச் சொன்னார்.

"எல்லா தபாவும் நான் போன் பண்ணல. குடியாத்தம் கல்யாணத்துக்குப் பண்ணல. ஏலகிரி ஓட்டலுக்குப் பண்ணல. பண்ணிட்டேன்னுதான் சொன்னேன். நீ நல்லாத்தான் இருந்த. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை. குக்கர் விசில். எழுந்து போய்விட்டேன்.


மே 16, சனி

நினைவிலிருந்து:

குடியாத்தம் கல்யாணம். நன்றாக இருந்தேன். பந்தியில் இரண்டு தடவை பாயசம். (போன் இல்லை.)

ஏலகிரி. நன்றாக இருந்தேன். (போன் இல்லை.)

வாணியம்பாடி வளைகாப்பு. பாதியில் மாடிக்கு ஓடினேன். (போன்? தெரியாது.)

கிறிஸ்துமஸ், பாடகர் குழு விருந்து, மேரி அக்கா வீட்டில். இரண்டு நாள் படுக்கை. "நான் சொன்னேன், அவங்கதான் மறந்துட்டாங்க போல" என்றார். அன்றிலிருந்து மேரி அக்காவிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் காரணம் புரியாமல் என் பக்கத்தில் வந்து உட்காருவதை நிறுத்திக்கொண்டார். (போன்?)

கேட்டால் பதில் சொல்வார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வேலூர் டாக்டர் சொன்னது: "டெஸ்ட்ல வராதும்மா. அதனால இல்லன்னு ஆயிடாது." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். இப்போது குடியாத்தம் குறுக்கே வந்து நிற்கிறது. அங்கே வாசனையே இல்லாததால் நன்றாக இருந்தேனா? அவர் போன் செய்துவிட்டார் என்ற நினைப்பில் நன்றாக இருந்தேனா? போன ஞாயிறு அடிக்கோடிட்ட வரியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பே என்று எழுதியிருக்கிறேன். பெட்டியைப் பார்ப்பதற்கு முன்பு, சரி. ரெக்சினைத் தொட்டதற்கு முன்பா, பின்பா? தெரியவில்லை. அன்றைக்கே சரியாகத் தெரியவில்லை போல.

அவர் பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். என் உடம்பு சொல்வதை இனி எதோடு ஒத்துப் பார்ப்பேன்? அளவுகோலாக வைத்திருந்தது அவர் வார்த்தையைத்தான்.

கேஸ் புக் செய்ய. ஷைனி யூனிபார்ம் துணி.


மே 17, ஞாயிறு

சர்ச்சில் மேரி அக்கா பக்கத்தில் நானாகப் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பாட்டுப் புத்தகத்தைப் பாதி என் பக்கம் நீட்டினார்.

சாயங்காலம் திமிரியில் அண்ணியின் புது வீட்டு ஜெபம். மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து டே. சொன்னார்: "அக்காகிட்ட பேசிட்டேன். பெயிண்ட் அடிச்சு ரொம்ப நாளாச்சு. ஸ்ப்ரே இல்ல, மெழுகுவர்த்தி சாதா மெழுகுவர்த்தி. எல்லாத்தையும் கேட்டுட்டேன்." கண்ணைப் பார்த்துதான் சொன்னார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. ஏலகிரிக்குச் சொன்னபோதும் இதே குரல்தான் இருந்திருக்கும்.

ஷைனி தலை வாரிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

என் போனை எடுத்து அண்ணிக்கு அடித்தேன். ஸ்பீக்கரில். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து.

"அண்ணி, சாயங்காலம் வீட்ல ஸ்ப்ரே, செண்ட் எதாவது இருக்குமா?"

"இன்னாடி இது! தம்பி நேத்தே போன் பண்ணி ஒண்ணொண்ணா கேட்டானே. அடிக்கறதுக்கு வச்சிருந்த ஸ்ப்ரேய எடுத்து பீரோல வச்சு பூட்டிட்டேன் போ. ஏன், அவன் உன்கிட்ட சொல்லல?"

"சொன்னார் அண்ணி" என்றேன்.

டேனியல் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். மேல்தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது, உடனே வழியத் தொடங்கியது.