கிழியாத வலை

சனி, 14

காலையில் மழை. ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்க மறந்தேன், மனைவி மேரியிடம் திட்டு.

மாலை கோயிலில் திருவிழா வேலை. வருடத்துக்கு ஒருமுறை பாடகர் மாடத்தில் காற்றால் ஒலிக்கும் பைப் ஆர்கனைத் துடைப்பது நான்தான். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஏணி, ஈரத்துணி, பெயின்ட் பிரஷ்.

பெரிய குழலின் வாயில் சிலந்தி வலை. முழு வலை, நடுவில் கொழுத்த சிலந்தி. அந்தக் குழல் ஊதினால் மெழுகுவர்த்தி அணையும். வலை எப்படிக் கிழியாமல்?

திரையை விலக்கினேன். உள்ளே மகள் ஷீலா வாசிக்கும் இடம். “யாராச்சும் பாத்தா கை நடுங்குதுப்பா” என்று போன வருடம் அவளே மாட்டிய திரை. பழைய கட்டைகளுக்கு மேல் ஓர் எலக்ட்ரானிக் கீபோர்டு. ஒயர் குழல்களுக்குப் பின்னால் போகிறது. அங்கே இரண்டு ஸ்பீக்கர்.

துணியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். வலையைத் தொடவில்லை.

ஞாயிறு, 15

வெயில். பூசையில் வழக்கமான இடம், மாடத்துக்குக் கீழே கடைசி பெஞ்சு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் கேவலம்.

இத்தனை மாதமாக நான் அளந்த கதைகள்:

- பட்டறையில் அருளிடம்: “பெரிய குழல் ஊதுனா காத்து என் பின்கழுத்துல படும்லா.” (பட்டது சுவர்க் காத்தாடிக் காற்று.)
- ஃபாதரிடம்: “மோட்டார் இப்ப சத்தமே இல்ல ஃபாதர், நல்லா கிரீஸ் போட்டிருக்கீங்க.” அவர் இருமினார். (குழல்களுக்குக் காற்று அனுப்பும் மோட்டார் ஓடவே இல்லை.)

என் பிழைப்பு: ஏர்கான் மோட்டார் ரிப்பேர். இருபத்தாறு வருடம்.

திங்கள், 16

அருளிடம் சொன்னேன். அவன் சிரித்து முடிப்பதற்குள் கிளாஸில் தே தாரிக் டீ ஆறிவிட்டது. “அப்ப காத்தாடிக்கா அண்ணே இத்தன நாளா கண்ணு கலங்குனீங்க?”

நானும் சிரித்தேன். மதியச் சோறு இறங்கவில்லை.

புதன், 18

வேலை முடிந்து கோயில். மாடிப்படிக்குக் கீழே காற்று மோட்டார். கெபாசிட்டர் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. அதே சைஸ் என் பெட்டியில் நான்கு கிடக்கிறது. பத்து நிமிட வேலை. ஓடியது. நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

ஷீலா தட்டையே பார்த்தாள். “சொன்னா சரி பண்ணிடுவீங்கப்பா.”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

“பழைய கட்டை கல்லு மாதிரி. வாசிச்சா மணிக்கட்டு வலி. கீபோர்டு ஈசிலா. அப்பாகிட்ட சொல்லிடும்மான்னுதான் ஃபாதர் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

மேரி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள். மேசையில் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது.

ஃபாதர் மேல் கோபம் வரவில்லை. அந்தக் கட்டையில் இவள் விரலை முதலில் வைத்தது நான். எட்டு வயது, காலுக்கு மிதி எட்டாது. நான் தரையில் உட்கார்ந்து, இவள் தலையாட்டும்போது மிதியைக் கையால் அழுத்துவேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டு.

வெள்ளி, 20

புழுக்கம். அவள் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னேன்: “மோட்டார் ரெடி. சுவிட்சு உன் கைப்பக்கம்தான்.”

“சரிப்பா.”

எந்தச் சரி என்று கேட்கவில்லை.

ஞாயிறு, 22

மழை மூட்டம். என் பக்கத்துச் சுவர்க் காத்தாடியை நானே நிறுத்தினேன். முன் பெஞ்சுக்காரம்மா முறைத்தார்.

நற்கருணைப் பாட்டு. அடிச்சுரம் எழுந்ததும் பெஞ்சு அதிர்ந்தது. பின்கழுத்தில் காற்று. சத்தியமாகக் காற்று. கண் கலங்கிவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டாள் என் பிள்ளை. மேரியிடம் கைக்குட்டை கேட்டேன். கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பூசை முடிந்து மாடம் ஏறினேன். விட்டுவந்த துணியை எடுக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டு.

வலை அப்படியே இருந்தது. புதிதாக ஓர் ஈ.