பாவிப்பவர்களுக்கும் ஓட்டு

பெர்லின், மார்கழி 2008

அன்புள்ள அப்பாவுக்கு மதுஷாவின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? ஓப்பநாயக்கவில் மழை விட்டதா?

நம் கடையில் பில் போடும் இலவச மென்பொருளைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம் அல்லவா? எழுதும் எங்களுக்கு ஒரு சபை, அதைப் பாவிப்பவர்களுக்கு, அதாவது உங்களைப் போலப் பயன்படுத்துகிறவர்களுக்கு, ஒரு சபை, முடிவெல்லாம் எங்களுடையதே. மனம் வெறுத்து, பாவிப்பவர்கள் பாதிப்பேர் விலகத் தயாரானார்கள். நேற்று இணையக் கூட்டத்தில், "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர். எனக்கு வந்ததே கோபம்!

"எங்க கோயில் கமிட்டியில அன்னதானம் சமைக்கிறவங்களும் சாப்பிடுறவங்களும் ஒண்ணாதான் இருப்பாங்க. உப்பு கூடினா அங்கேயே சொல்லிருவோம்" என்றேன்.

ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டோம் அப்பா! இனி ஒரே சபை, ஆளுக்கு ஒரு ஓட்டு. உங்களுக்கும்தான்.

மிளகாய்த்தூள் அனுப்புங்கள், இங்கே எதிலும் உறைப்பில்லை. பில்லில் எழுத்து சின்னது என்று திட்டுவீர்களே, ஞாயிறு கூட்டத்துக்கு வந்து திட்டுங்கள். எனக்கும் உங்கள் குரல் கேட்குமே.

அவசரத்துடன்,
மதுஷா