பார்சல் வேண்டாம்

புதுப்பாளையம், கடலூர்
9.11.2008, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

லோகநாயகி எழுதுவது. நானும் பாப்பா அறிவுமதியும் சுகம். ஷார்ஜாவில் உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். பாப்பாவுக்குச் சளி விட்டது. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. இங்கே மழை பிடித்துவிட்டது, கரண்டும் சொன்ன நேரத்துக்கு மேலே ஜாஸ்தியாகவே போகிறது.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் கத்தினீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் கார்டு தீர்ந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான், பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கோபத்தை ஆறப்போட்டு எழுதுகிறேன். நான் டீக்கடை பெஞ்சில் ஆம்பளைகளோடு உட்கார்ந்திருந்ததாக உங்கள் அண்ணன் சொன்னார், அதனால் தை பிறந்ததும் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு சிதம்பரத்தில் அவர் வீட்டுக்கே போய்விட வேண்டும், அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ஆபீசுக்கு வந்து போகவேண்டும் என்றீர்கள். அவர் பார்த்தது உண்மை. மிச்சத்தை என் வாயால் கேளுங்கள்.

பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வாங்கி, ஜூன் மாதம் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு முகம் தெரியாது. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சில்வர் பீச் போனேன். எங்கு உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஜோடி. பாடலீஸ்வரர் கோயிலில் உட்கார்ந்தால், எந்த ஊரு, வீட்டுக்காரர் எங்க, ஏன் ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டீங்க என்று சாமியை விட்டுவிட்டு என்னைச் சுற்றுகிறார்கள். ஓட்டலுக்குப் போனால் பேமிலி ரூமில் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் ஒரு மூச்சு விட ஒரு இடம். நாலு பேர் பேசுவது காதில் விழவேண்டும், நானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று இருக்கவேண்டும்.

எங்கள் தெரு முனையில் பூவரச மரத்தடியில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஆண்டி என்பவர் நடத்துகிறார். போர்டு கிடையாது. ஒருநாள் தலைவலியோடு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே போய் ஒரு டீ கேட்டேன். அவர் என் கையில் தூக்கு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்றதும் டீயைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூலைச் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். இங்கேயே குடிக்கவேண்டும் என்றேன். "ஆறாதுக்கா, வூட்டுக்குப் போயி ஊத்திக்குங்க, சூடாத்தான் இருக்கும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். மறுநாளும் அதே கதை. பொம்பளை வந்து டீ கேட்டால் அவர் கை தானாகக் கவரைத் தேடுகிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கடுத்த நாள் நூலை அங்கேயே பிரித்து, ஒரு காலி கிளாஸ் கேட்டு வாங்கி ஊற்றி, நின்றுகொண்டே குடித்தேன். மாமா, அந்த டீ என்ன ருசி தெரியுமா!

அப்புறம் நான் போனாலே பெஞ்சு மொத்தமும் எழுந்து நிற்கும். மரியாதையாம். கலெக்டருக்குக்கூட இவ்வளவு நடக்காது. ஆண்டி அண்ணனுக்குச் சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது, ஒருநாள் போனால் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, முன்னால் திரை கட்டி வைத்திருந்தார். திரை என்றால் துணி இல்லை, யாருடைய வீட்டுக் காதணி விழாவுக்கோ வைத்த பழைய பிளெக்ஸ். மாமன்மார் படம் வரிசையாக. "லேடீசுக்குன்னு தனியா பண்ணிட்டேங்க்கா" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். மனசு கேட்காமல் இரண்டு நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்து, யாரென்றே தெரியாத தாய்மாமன் மீசையைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

அதை அவிழ்த்தது பட்டம்மாள் அக்கா. துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துவந்து எங்கள் தெருக்களில் விற்பவர். கூடை காலியானதும் கடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பார். அன்று திரைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, உள்ள ரெக்கார்டு டான்சா நடக்குது?" என்று கேட்டார். எனக்கு சிரிப்பு தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு முனையாக அவிழ்த்துச் சுருட்டி, மழைக்கு அடுப்பு மேலே கட்டிக்கொள்ளச் சொல்லி ஆண்டி அண்ணன் கையில் கொடுத்தோம். பிறகு நான் பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவையும் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். எத்தனையோ வருஷமாக அந்தக் கடையில் டீ குடிக்கிறவர், பெஞ்சில் உட்கார்ந்தது அன்றுதான். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷமே சர்க்கரை கம்மி என்று ஆண்டி அண்ணனைத் திட்டினார்.

இப்போது யாரும் எழுந்து நிற்பதில்லை, கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள், அவ்வளவுதான். பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கம் என்னிடம் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. தையல் கடைப் பெண்கள் மூன்று பேர் வருகிறார்கள். கரண்டு கட்டைப் பற்றி எல்லாரும் சண்டை போடுகிறோம், என் சத்தம்தான் பெரிது என்று பேர். எந்த டாக்டர் ஊசியை உடனே தூக்கமாட்டார், எந்த மில்லில் மாவு நைசாக வரும், எல்லாம் அங்கே தெரிந்துகொண்டதுதான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது மாமா, ஆனால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. வேலை கிடைத்தது படித்ததால். இந்த இடத்தை நானாகப் பிடித்தேன்.

போன மாதம் பெரிய மழை பெய்த அன்று என் பஸ் வழியிலேயே நின்றுவிட்டது. டியூஷன் விட்டு வந்த பாப்பா பூட்டிய வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள். பட்டம்மாள் அக்கா பார்த்துவிட்டு, தன் முந்தானையால் தலையைத் துவட்டிக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நான் அழாத குறையாக ஓடி வருகிறேன், இவள் பெஞ்சில் சம்மணம் போட்டு பன்னைத் தின்றுகொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், நாலு பேர் திருத்துகிறார்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் அந்த நாலு பேருக்கும் நாலு விடை. யாரோடு உட்கார்ந்திருந்தாய் என்று போனில் கேட்டீர்களே, இவர்களோடுதான்.

உங்கள் அண்ணன் வந்தது தீபாவளி முடிந்த சனிக்கிழமை. அவர் வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய அதிரசத்தோடு வந்திருக்கிறார். வீடு பூட்டியிருக்கவே பக்கத்து வீட்டில் டீக்கடைக்குக் கைகாட்டிவிட்டார்கள். நான் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் எதிரில் அவர். எழுந்து, வாங்க, உக்காருங்க என்றேன். எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். வெறும் வாயோடு போகிறாரே என்று ஆண்டி அண்ணன் ஒரு டீயைக் கவரில் கட்டிக் கையில் திணித்துவிட்டார். அதை வைத்துக்கொள்ளவும் தெரியாமல் போடவும் முடியாமல் அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்ததைப் பார்த்துப் பட்டம்மாள் அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வீட்டில் என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருந்தார்கள். ஆனால் நாலு வருஷம் சிதம்பரத்தில் இருந்து எனக்குத் தெரிந்தது அடுப்படியும் மொட்டை மாடியும் கோயிலும்தான். இங்கே வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, தெருவில் நடந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இன்னாருடைய பெண்சாதி என்று இல்லை, லோகநாயகி என்று. நான் இந்த வீட்டைக் காலி செய்யப்போவதில்லை மாமா. உங்களை மீறிச் செய்ததாக இருக்கக்கூடாது, நீங்களும் சரி என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் ஷார்ஜா போன முதல் வருஷம் ஒரு கடிதம் எழுதினீர்கள். ரூமில் எட்டுப் பேர், பேச்சுத் துணைக்கு ஆளில்லை, திரும்பி வந்துவிடலாம் என்று இருந்தது, அப்போதுதான் வேலை இடத்துக்குப் பக்கத்தில் மலையாளி ஒருவரின் டீக்கடையைக் கண்டுபிடித்தேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால்தான் நான் மனுஷன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். யாரோடு உட்கார்ந்தீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்கு உட்கார ஒரு இடம் கிடைத்ததே என்றுதான் தோன்றியது. மறுநாளே நடராஜர் கோயிலுக்குப் போய் அந்தக் கடைக்காரர் பேருக்கு அர்ச்சனை செய்தேன். பேர் தெரியாது, நட்சத்திரம் தெரியாது. ஷார்ஜா டீக்கடைக்காரர் என்று சொன்னேன், தீட்சிதர் சிரித்துவிட்டார்.

ஆண்டி அண்ணனுக்கு நீங்கள் அர்ச்சனை எல்லாம் செய்யவேண்டாம். உனக்கும் உட்கார ஒரு இடம் கிடைத்ததே என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பாப்பா முத்தம் அனுப்புகிறாள்.

உங்கள்
லோகநாயகி