கேட்காமல் நிறுத்திய கேப்சூல்

மல்லசமுத்திரம்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பிரபா எழுதுவது. நானும் பண்ணையில் எட்டாயிரம் கோழிகளும் இங்கே சௌக்கியம். நீங்களும் உங்கள் போர்வெல் ரிக்கும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்?

கையில் செல்போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு மூன்று முறை போனில் பேசினோம். மூன்று முறையும் ஐந்தாவது நிமிடத்தில் சண்டை. கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. திருச்செங்கோட்டிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் வண்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் கேம்புக்கு வருகிறதே, அந்த டிரைவர் மோகன்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே எள்ளுருண்டை டப்பாவும் வருகிறது.

பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது நடந்தது எனக்கு மறக்கவில்லை. தை மாதக் குளிரில் நான் ஃபேனை ஐந்தில் வைத்தேன். நீங்கள் நடுங்கிக்கொண்டே எழுந்து நிறுத்தினீர்கள். நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அதோடு விட்டேனா? "நீங்க ஊட்டுக்கு வராமயே இருந்தா எனக்கு நிம்மதிங்க" என்று வேறு சொன்னேன். நாலு நாள் முன்னதாகவே சத்தீஸ்கருக்குக் கிளம்பிப் போய்விட்டீர்கள்.

அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே பயமாகிவிட்டது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டாக்டர் தேவிப்ரியாவைப் போய்ப் பார்த்தேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது, விலக்கு நின்று எட்டு மாதம். திடீரென்று நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டின மாதிரி எரிவது, வேர்த்து நனைவது, தூக்கம் போனது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவது, எல்லாம் இதனால்தானாம். மார்புக்குப் படம், வயிற்றுக்கு ஸ்கேன், ரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு ஹார்மோன் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார். தினமும் கையில் ஜெல் தடவ வேண்டும், இரண்டு அமுக்கு. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் மட்டும் ஒரு கேப்சூல்.

இன்னொன்று. உங்களைத் தள்ளிப் படுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வலித்தது, மாமா. சொல்ல வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அதற்கும் மருந்து இருக்கிறதாம்.

இப்படிக்கு,
பிரபா


ராய்ப்பூர் பக்கம், கேம்ப்,
24.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எள்ளுருண்டையும் கிடைத்தது, பாதியைச் சமையல்காரன் சென்றாயன் தின்றுவிட்டான்.

நம் ஊர்க் கோழிக்கு ஹார்மோன் போடுகிறார்கள் என்று எவன் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவள் நீ. உன் சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று ஒருத்தரோடு மல்லுக்கட்டியது எனக்கு மறக்கவில்லை. கோழிக்கே போடாத ஹார்மோனை நீ எதற்குப் போட்டுக்கொள்கிறாய்? அதெல்லாம் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்று சென்றாயன் சொல்கிறான். அவன் ஊரில் ஒரு பொம்பளைக்கு வந்ததாம். உடனே நிறுத்து. என் அம்மாவுக்கும் இந்த வயது வந்தது. அவர் என்ன டாக்டரிடமா ஓடினார்?

மழைக்காலத்துக்கு இங்கே வேலை நிற்கும். வழக்கமாக ஊருக்கு வருவோம். இந்த வருடம் ஒரு ரிக்கை ராஜஸ்தானுக்கு அனுப்பப் போகிறார் முதலாளி. நீ போகிறாயா என்று கேட்கிறார். போனால் அடுத்த பொங்கலுக்குத்தான் ஊர். நான் வராவிட்டால் உனக்கு நிம்மதிதானே. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தனபால்


மல்லசமுத்திரம்,
16 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சென்றாயன் சாம்பார் நன்றாக வைப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மா என்ன டாக்டரிடமா ஓடினார் என்று கேட்டீர்கள். அத்தையிடமே கேட்டேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "வந்துச்சு சாமி. மூணு வருசம் கெணத்து மேட்டுல போயி உக்காந்து அழுதுட்டு வருவேன். ஆருகிட்டச் சொல்றது?" என்றார். உங்களுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். நீங்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

புற்றுநோயைப் பற்றி டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "ரிஸ்க் இல்லைன்னு சொல்ல மாட்டேன்மா. கொஞ்சம் இருக்கு. உங்க வயசு, உங்க உடம்பு, உங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்கறது, எல்லாத்தையும் பார்த்துத்தான் கொடுக்கறேன். வருசா வருசம் பரிசோதனை பண்ணி, தொடரலாமா வேண்டாமான்னு சேர்ந்து முடிவெடுப்போம்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் கேப்சூலைக் காலை இட்லியோடு போட்டேன். பத்து மணிக்குத் தலை சுற்றி, முட்டை அட்டை அடுக்கின் மேல் சாயப் பார்த்தேன். மார்பும் கனத்து வலித்தது. டாக்டர் முதலில் கேப்சூலைப் படுக்கப் போகும்போது போடச் சொன்னார். இந்த மாதம் அப்படியே போட்டேன், தூக்கத்துக்குத் தூக்கமும் ஆயிற்று. மார்பு வலி மட்டும் நிற்காததால் நேற்று முதல் ஜெல்லை ஒரு அமுக்காகக் குறைத்திருக்கிறார். பண்ணையில் நான் செய்வதும் இதுதானே. தீவனத்தில் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் முட்டை எதனால் குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? கோழிக்கு வைக்கிற நோட்டு மாதிரி எனக்கும் ஒன்று வைத்து, எரிச்சல் எத்தனை தடவை வந்தது, எத்தனை மணி தூங்கினேன், கேப்சூல் போட்டேனா என்று எழுதி வருகிறேன். டாக்டர் பார்த்துவிட்டுப் பக்கத்து அறை நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பன்னிரண்டு கேப்சூல் முடிந்ததும் நாலு நாள் விலக்கு வருகிறது. அப்படித்தான் வர வேண்டுமாம். நின்றது திரும்பி வந்ததில் எனக்குக் கொஞ்சம் சலிப்புதான்.

ராஜஸ்தான் உங்கள் விருப்பம். போங்கள் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்று கெஞ்சவும் இல்லை.

பிரபா


கேம்ப்,
30.3.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தக் கிணற்றுமேட்டில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நீ மருந்தைக் கூட்டிக் குறைக்கிற கதையும் புரிந்தது. பாறைக்குப் பாறை கம்ப்ரசரில் காற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் நானும் முப்பது வருடமாகக் குழி போடுகிறேன். மேல் மண்ணுக்கு வைத்த காற்றை அறுநூறு அடியிலும் வைப்பேன் என்றால் பாறையைத் துளைக்கிற பிட் போய்விடும். சரி, பார்த்துச் செய். சென்றாயனிடம் இனி இது பற்றிப் பேசுவதில்லை.

ஒரே ஒரு காரியம். ஏப்ரல் 16 நம் மாரியம்மன் பண்டிகை. இருபத்தாறு வருடமாக ரிக்கின் பேரில் மாவிளக்கு எடுக்கிறவள் நீ. இந்த வருடம் இரண்டு இடத்தில் பிட் குழிக்குள் மாட்டிக்கொண்டது, ரிக்கில் வேலை செய்கிற பையன்களும் பயந்துபோய் இருக்கிறார்கள். எப்படியாவது நீயே எடுத்துவிடு. தவறினால் எனக்கு மனசே சரியிருக்காது.

தனபால்


மல்லசமுத்திரம்,
18 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பண்டிகை அமோகமாக நடந்தது. மாவிளக்கை நானே எடுத்தேன். ரிக்கின் பேரிலும் உங்கள் பேரிலும் அர்ச்சனை செய்து திருநீறு வைத்திருக்கிறேன். தேதி எப்படித் தோதாக அமைந்தது என்று கேட்க வேண்டாம், நான் பார்த்துக்கொண்டேன். உடம்பு ஜம்மென்று இருக்கிறது. இப்போது தலைசுற்றல்கூட இல்லை.

பிரபா


மல்லசமுத்திரம்,
6 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. ரிசல்ட் வந்துவிட்டது, நல்லதாகவே வந்திருக்கிறது. இனி உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

ஏப்ரலில் அந்தப் பன்னிரண்டு கேப்சூலை நான் போடவில்லை. போட்டால் பதின்மூன்றாம் தேதி விலக்கு வரும், பதினாறாம் தேதி மாவிளக்கு எடுக்க முடியாது. டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்கே தெரிந்திருந்தது போல. ஜெல்லை மட்டும் தடவிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை, உடம்பும் லேசாக இருந்தது. சரிதான் என்று மே மாதமும் விட்டுவிட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் நோட்டுப் போட்டுப் பாடம் நடத்துகிற நான்தான் இதைச் செய்தேன். பண்ணையில் எவராவது என்னைக் கேட்காமல் தீவனத்தில் கை வைத்தால் சும்மா விடுவேனா?

மே 20ஆம் தேதி இரண்டாவது ஷெட்டில் தண்ணீர்க் குழாய் பார்த்துக்கொண்டிருந்தபோது ரத்தப்போக்கு ஆரம்பித்தது. விலக்கு மாதிரி இல்லை. நிற்கவே முடியவில்லை. அத்தைதான் ஆட்டோ பிடித்து என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சுவர் தடித்திருந்தது. டாக்டர் தேவிப்ரியா நோட்டை வாங்கிப் பார்த்தார். கேப்சூல் குறிக்கிற இடம் ஏப்ரலில் காலி, மே மாதமும் காலி. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு ஜெல் மட்டும் தனியாப் போகக் கூடாதும்மா. ஜெல் உள்சுவரை வளர்க்கும். கேப்சூல்தான் அதை அடக்கி வைக்கும். தேதி இடிக்குதுன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வழி சொல்லியிருப்பேனே" என்றார்.

போக்கு அடங்கியதும், மே 24ஆம் தேதி உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் காத்திருந்தேன். நீங்கள் போன் செய்தபோதெல்லாம் "நல்லா இருக்கேனுங்க" என்றேன். பொய். போனை வைத்துவிட்டுத் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். ஜூன் 3ஆம் தேதி ரிசல்ட் வந்தது. கெட்டது எதுவும் இல்லை. மருந்தை ஒழுங்காகப் போட்டால் சுவர் மெலிந்துவிடும், மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன்.

மருந்தையும் மாற்றிவிட்டார். விலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இனி முதல் பன்னிரண்டு நாள் கணக்கெல்லாம் இல்லை. ஜெல் ஒரு அமுக்கு, கேப்சூல் ஒன்று, தினமும். ஆரம்பத்தில் லேசாக ரத்தம் படலாமாம், பிறகு மாதவிலக்கே வராது. ஒரு போனில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மாவிளக்கு நீங்கள் கேட்டது. கேப்சூலை நிறுத்தியது நான். அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அந்தப் பத்து நாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். நீங்கள் வராமலிருந்தால் நிம்மதி என்று சொன்னேனே, இல்லை. எனக்கு நிம்மதியே இல்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தபோது உங்களைத்தான் தேடினேன்.

மார்ச்சில் கெஞ்ச மாட்டேன் என்று எழுதினேன். இப்போதும் கெஞ்சவில்லை, கூப்பிடுகிறேன். மழைக்கு ஊட்டுக்கு வாங்க, மாமா.

உங்கள்
பிரபா


கேம்ப்,
19.6.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் வரியில் நீ ரிசல்ட்டைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் கடிதத்தை முடிப்பதற்குள் நான் ஸ்பேர் வண்டியில் ஏறியிருப்பேன்.

நீ என் தலையில் கட்டாவிட்டாலும் பாதி என் தலையில்தான். எப்படியாவது எடுத்துவிடு என்று எழுதினேன். அந்த எப்படியாவதில் என்னென்ன இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. பிட் போனால் வேறு பிட் வாங்கலாம். நீ அந்தப் பத்து நாளும் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் மாவிளக்கை நான் எடுக்கிறேன். ரிக் ஓட்டுகிறவன் நான், வேண்டுதலும் என்னுடையது. தலையில் துண்டு கட்டிக்கொண்டு நான் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும். விலக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, நீ உன் மருந்தை விடக் கூடாது. சென்றாயனிடம் சொன்னேன். "மாவு இடிக்க நானும் வாரேனுங்க" என்கிறான்.

ராஜஸ்தானுக்கு எனக்குப் பதிலாக எங்கள் கேம்ப் ஆனந்தகுமார் போகிறான். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இங்கே மழை பிடித்துவிட்டது, ஜூலை ஐந்தாம் தேதி எங்கள் ரிக் ஊருக்குக் கிளம்புகிறது. ஃபேன் ஐந்திலேயே ஓடட்டும், நான் நிறுத்த மாட்டேன். ராய்ப்பூர் கடைவீதியில் எனக்கென்று ஒரு கம்பளி வாங்கி வைத்துவிட்டேன். எந்த அறையில் படுப்பது என்பதை மட்டும் நீ சொல்.

உன்
மாமா


மல்லசமுத்திரம்,
28 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மோகன்குமார் வண்டியை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், நாலு வரிதான் எழுத முடியும்.

மூன்று வாரமாகக் கேப்சூல் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நோட்டில் காலி இடம் இல்லை. எரிச்சல் இந்த வாரம் இரண்டே தடவை, அதில் ஒன்று தீவனக்காரரால், அது மருந்தில் சேராது. நீங்கள் மாவிளக்கு எடுப்பதை அத்தையிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்களுக்கு வேட்டி அவர்தான் எடுப்பாராம்.

ஃபேன் இப்போது இரண்டில்தான் ஓடுகிறது. அறை பழைய அறைதான். வாங்கிய கம்பளி ஒரு ஆளுக்கானது என்றால் கிளம்புவதற்குள் கடையில் கொடுத்துவிட்டு, இரண்டு பேருக்குக் காணுகிற மாதிரி மாற்றிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
பிரபா