சீட்டை மறைத்து எண்ணிய பொட்டுகள்

இன்று பழைய நுண்ணோக்கிப் பெட்டியைத் திறந்தேன். தேவதாரு எண்ணெய் வாசனை. லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு விடுவோமே, அதேதான். சீசா வற்றிவிட்டது, வாசனை போகவில்லை. திருவனந்தபுரத்துக் கரமனை பஸ்ஸில் கசங்கிய புடவையோடு நீயே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கருங்காய்ச்சலைத் தரும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைக் நீயும் நானும் ஒரே ஆய்வகத்தில் குடுவையில் வளர்த்துக்கொண்டிருந்தோம். அதன் டி.என்.ஏ. இரண்டு இடங்களில் இருக்கும். சாயமேற்றினால் உட்கரு பெரிய பொட்டு, பக்கத்திலேயே ஒரு சின்னப் பொட்டு. செல் இரண்டாகப் பிளப்பதற்குள் இரண்டும் நகலாகிப் பிரிய வேண்டும். எது முதலில் பிரிகிறது? அதுதான் என் ஆய்வேடு. சின்னதுதான் என்று, எண்ணுவதற்கு முன்பே நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரே ஸ்லைடை இருவரும் தனித்தனியே எண்ணுவது நம் வழக்கம். வளர்ப்பு தொடங்கி எத்தனையாவது மணியில் எடுத்தது என்ற சீட்டை மறைத்துவிடுவோம். முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் அவசரத்தில் நான் மட்டும் சீட்டைப் பார்த்துவிட்டேன். என் கணக்கு கச்சிதமாக வந்தது, உன்னுடையது ஒட்டவே இல்லை. "போய்க் கண்ணாடிய மாத்து பிள்ளே" என்று எரிந்து விழுந்தேன்.

நீ சீட்டுகளைப் பிய்த்தாய். அடியில், ஸ்லைடிலேயே நீ கீறிவைத்த மணி எண்கள். மூன்றாம் மணிச் சீட்டை ஐந்தாம் மணி ஸ்லைடிலும், ஐந்தாம் மணிச் சீட்டை மூன்றாம் மணி ஸ்லைடிலும் மாற்றி ஒட்டியிருந்தேன். என் எண்ணிக்கையோ, அந்த மணியில் எது பிரிந்திருக்கும் என்று நான் நினைத்தேனோ அதேபோல, சீட்டின்படியே போயிருந்தது!

"ஏண்டி, நீ ஸ்லைடை எண்ணினாயா, சீட்டை எண்ணினாயா?"

அழுதுவிட்டேன். "மூணு வருசம் போச்சே. இனி எப்பம் தீசிஸ் கொடுக்கது?"

"போனாப் போறது. உன் தீசிஸ் அந்தக் கிருமிக்குத் தெரியாதாக்கும். வா, முதல்லேந்து எண்ணலாம்."

அந்தக் கணக்கை எழுதிய நோட்டுப் பக்கத்தைக் கிழிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாய். அடியில் எழுதினாய்: "தப்பு. கிழிக்கப்படாது."

மாதக்கணக்கில் எண்ணினோம். பெரும்பாலான செல்களில் பெரிய பொட்டுதான் முதலில் பிரிந்தது, சிலவற்றில் சின்னது. நான் நினைத்ததற்கு நேர் எதிர். ஆய்வேடு தாமதமானாலும் தேறியது. அன்றைக்கு என்னைவிட நீதான் அதிகம் குதித்தாய், கேன்டீனில் இருந்த பழம்பொரி பஜ்ஜியையெல்லாம் வாங்கிவிட்டாய்.

சில வருடங்களில் வேறொரு நோய் உன்னைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் உன் ரத்தப் பரிசோதனை முடிவை என் கையில் கொடுத்து, "ஒண்ணும் மறைக்காம வாசி, கேட்டயா" என்றாய். வாசித்தேன். என்னைப் போய் வாசிக்க வைத்தாயே என்ற கோபம், நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் இன்னும் ஆறவில்லையடி.

இப்போது அதே கருங்காய்ச்சல் ஒட்டுண்ணி டி.என்.ஏ.வை நகலெடுப்பதைத் தடுக்க ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். இன்று சீட்டுகளை மறைத்துத்தான் எண்ணினேன். நகலெடுப்பு மொத்தமும் நின்றிருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா! பாதிதான் நின்றிருந்தது. நீ எழுதிய பக்கம் இருக்கும் அதே நோட்டில், பாதி என்றே எழுதினேன். நாளை மருந்தின் அளவை மாற்றி, முதலிலிருந்து எண்ணப் போகிறேன்.