நீ எழுதித் தராத மன்றாட்டுகள்

என் செல்ல ஜெனிக்கு,

அங்கே சத்தம் அதிகமா? நீ போய்ச் சேர்ந்த இடம் ரொம்ப அமைதியானது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. நீ கால் வைத்த பிறகு எந்த இடம் அமைதியாக இருந்திருக்கிறது?

நம் பங்குக் கோயில் மடலில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார் ஃபாதர். "உங்க நாத்தனாரைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க ரீட்டா. ரெண்டாம் வருஷ நினைவுப் பூசைக்குள்ள வேணும்" என்றார். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? அதுவும் உன்னைப் பற்றி இந்தக் கடற்கரைக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? திருச்சியிலிருந்து வாழ வந்தவள் நான். உன்னை ஊருக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஊரார் என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துப் படிக்கட்டும் என்று உனக்கே எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது.

முதலில் வீட்டு விஷயம். உன் அண்ணனுக்குக் கல்பாக்கத்தில் அதே ஷிப்ட், அதே சைக்கிள். தொப்பை மட்டும் புதிது. என் மகள், உன் மருமகள், ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். மிஸ் பாட்டுச் சொல்லச் சொன்னால் இவள் மேஜைக்கு முன்னால் வந்து ஆடிக் காட்டிவிட்டுப் போகிறாளாம். "வீட்ல யாரு சொல்லிக் குடுக்குறது?" என்று மிஸ் என்னிடம் கேட்டார்கள். என்னைப் பார்த்தால் ஆடுகிறவள் மாதிரியா இருக்கிறது? உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், "அண்ணி, இந்த சனிக்கெழம மட்டும் நம்ம கோயில் யூத் குரூப்பைப் பாத்துக்கோ. சும்மா உக்காந்துகினு இரு, போதும்" என்று உன் விசிலை என் கையில் வைத்தாய். அந்த சனிக்கிழமை இன்னும் முடியவில்லை ஜெனி. நீ திரும்பி வரவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஃபாதர். கிடைக்கவில்லையா, அவர் தேடவே இல்லையா, தெரியாது.

உன் விசிலை நான் ஊதினால் வெறும் காற்றுதான் வரும். ஆக்‌ஷன் சாங்கில் எல்லாரும் வலது கையைத் தூக்கும்போது என் இடது கை மேலே போகும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வந்தார்கள் என்று நினைக்கிறேன். எப்படியோ வந்தார்கள். நானும் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, முகம் கழுவி, போய் உட்கார்ந்தேன். உன் குரல் கேட்ட அந்தக் கோயில் ஹாலில் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அது உண்மை.

இப்போது சேதிக்கு வருகிறேன். மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவுக்கு முழு நேரமாக ஓர் ஆள் வேண்டுமாம். சாமியார் வேண்டாம், சிஸ்டர் வேண்டாம், குடும்பத்தில் இருக்கிற ஒருவர் வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள். செங்கல்பட்டில் அலுவலகம். ஆனால் பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. ஃபாதர் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்து, பிறகு என்னிடம் சொன்னார். "அவசரமில்ல. ஜெபம் பண்ணிப் பாருங்க. இது உங்களுக்கு ஆண்டவர் குடுக்கிற அழைப்பான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள சொல்லுங்க."

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆபீசில் என் வேலையே கண்டுபிடிப்பதுதான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு என்று நோண்டிக்கொண்டே இருப்பேன். ஆனால் இதில் எங்கே நோண்டுவது? வேலையை விடுவதுகூட எனக்குப் பெரிய பயமாக இல்லை. என் பயம் வேறு. இது ஆண்டவர் என்னைக் கூப்பிடுவதா, இல்லை நான் உன்னைத் தேடிக்கொண்டு அலைவதா? செத்துப்போன நாத்தனாரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அதற்கு அழைத்தல் என்று பெயர் வைத்தால், அது யாரை ஏமாற்றுவது? உனக்கு எப்படித் தெரிந்தது ஜெனி? நீ யாரிடமாவது கேட்டாயா, இல்லை விசிலை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டாயா?

வீட்டில் சொன்னேன். உன் அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டார்கள்.

"கண்ணாலம் கட்டி புள்ள பெத்தவளுக்கு இன்னாம்மா தேவ அழைத்தல்? மடத்துல சேத்துப்பாங்களா உன்னை? எம் புள்ளைக்கு யாரு சோறாக்கிப் போடறது?"

மடமெல்லாம் இல்லை அத்தை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நான் விளக்குவதற்குள் உன் அண்ணன் நல்ல பிள்ளையாக, "நானே ஆக்கிக்கிறேம்மா" என்றார்.

"நீ ஆக்குனா நானும் அவகூட மடத்துக்குப் போயிடறேன்" என்றார்கள் உன் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஃபாதர் சொன்னபடி அமைதியில் உட்கார்ந்து பார்ப்போம் என்று ஒரு நாள் லீவு போட்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனேன். கண்ணை மூடி, "ஆண்டவரே, பேசும்" என்றேன். "யக்கா, குதிரைல ஒரு ரவுண்டு போறியா? போட்டோவோட" என்று பதில் வந்தது. குதிரைக்காரரை அனுப்பிவிட்டு மறுபடி மூடினேன். கிளிஞ்சல் மாலை வந்தது. பிறகு மாவுக்கல்லில் செதுக்கிய யானை. கடைசியில் ஒரு மாங்காய் பத்தை வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஏறி வந்தேன். ஆண்டவர் அன்றைக்கு வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குள் இளையோர் ஞாயிறு வந்துவிட்டது. உனக்குத் தெரியாததா? அன்றைக்குப் பூசையில் பாட்டு, வாசகம், மன்றாட்டு எல்லாம் யூத் பொறுப்பு. மன்றாட்டுகளை நீயே அழகான தமிழில் எழுதி, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பாய். 'உலகத் தலைவர்கள் நீதியோடு ஆட்சி புரிய' என்று ஆரம்பிக்கும். பிள்ளைகள் தடங்கலில்லாமல் படிப்பார்கள். சபையும் தடங்கலில்லாமல் பதில் சொல்லும். போன வருஷம்கூட உன் பழைய காகிதங்களையே தேடி எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன்.

இந்த வருஷம் அந்த வாரம் பார்த்து ஆபீசில் தலைக்குமேல் வேலை. எழுத நேரமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: "மன்றாட்டு படிப்பவர்கள், உங்கள் மனதில் இருப்பதை நீங்களே எழுதி வாருங்கள்." ஊர் தப்பையெல்லாம் தேடிப் பிடிக்கிற நான், பூசைக்கு முன்னால் அதை வாங்கி ஒரு தடவை பார்க்கவே இல்லை.

பிள்ளைகள் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். மனதில் இருந்ததை எழுதி வந்துவிட்டார்கள்.

முதல் பெண் திருத்தந்தைக்காகவும் திருச்சபைக்காகவும் மன்றாடினாள். நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவதாக ரோஷன் வந்தான். நம் சூசை அண்ணன் மகன், செங்கல்பட்டுப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறானே, அவன்தான். சூசை அண்ணன் வழக்கம்போல முதல் வரிசையில். பூசையில் பதில் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மைக் இல்லாமலே பீச் ரோடு வரை கேட்கிற குரல்.

ரோஷன் காகிதத்தைப் பார்த்துப் படித்தான். "ஆண்டவரே, எனக்கு இன்ஜினியரிங் வரவே இல்ல. அரியர் மேல அரியரா கீது. அப்பாவாண்ட சொல்ல பயமா கீது. சொல்றதுக்கு எனக்கு தைரியத்தையும், கேக்கறதுக்கு அவருக்குப் பொறுமையையும் தரணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கோயில் முழுக்க ஒரே குரலாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. எல்லாருக்கும் மேலே கேட்டது சூசை அண்ணன் குரல்தான். 'கேட்டருளும்' என்று இழுத்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

மூன்றாவதாக அனிட்டா. உனக்கு அவளைத் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, டவுன்ஷிப்பில் வீடு. சனிக்கிழமைக் கூட்டங்களுக்கும் வருவாள், கடைசி பெஞ்சில் இருப்பாள், போவாள். அவள் மெதுவாகப் படித்தாள். "நாங்க இங்க வந்து ஒரு வருஷம் ஆகுது. பூசை முடிஞ்சதும் எல்லாரும் கூட்டமா நின்னு பேசிச் சிரிக்கிறாங்க. நான் அப்பா பைக்ல ஏறிப் போயிடுறேன். என்கிட்டயும் யாராவது ஒருத்தர் பேசணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது, மெதுவாக. கேட்டுவிட்டுச் சொன்னார்கள் ஜெனி. இத்தனை வருஷமாக அந்தப் பதிலைச் சொல்லி வருகிறேன். அன்றைக்குத்தான் நானே அதைச் சொல்லும்போது யாருக்காகச் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னேன்.

பூசை முடிந்ததும் ஃபாதர் முன்னால் போய் நின்றேன். இத்தோடு என்னை விட்டுவிடுவார், நல்லதாகப் போயிற்று, யோசிக்கிற வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

"இதையெல்லாம் நீங்க முன்னாடியே பாத்தீங்களா ரீட்டா?"

"இல்ல ஃபாதர்."

"நல்லவேளை. பாத்திருந்தா திருத்தியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே உடுப்பு மாற்றப் போய்விட்டார்.

வெளியே வந்தால் சூசை அண்ணன் காத்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"ஏம்மா ரீட்டா, இன்னாம்மா இது? வூட்டு மேட்டரையெல்லாம் பூசைல வந்து மைக்ல பேசிகினு கீறானுங்க?"

"மன்னிச்சிடுங்கண்ணே, நான் பார்க்காம விட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, "அடுத்த வாரம் நானும் ஒண்ணு எய்தித் தரேன். படிக்க வுடுவியா?" என்றார்.

"என்னண்ணே எழுதப் போறீங்க?"

"எனக்குப் பொறுமை குடுன்னு கேட்டான் இல்ல? அது என்னாண்ட இல்லன்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிகீது. எனக்கு நானே கேட்டுக்கறேன்."

"அடுத்த வாரம் எதுக்குண்ணே? அதோ, உங்க பைக் பக்கத்துலதான் நிக்கிறான். இப்பவே போங்க."

"போய் இன்னாத்த பேசறது?"

"ஒண்ணும் பேசாதீங்க. நாஸ்தா வாங்கிக் குடுங்க."

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அதுவும் சரிதான்" என்று கிளம்பினார். அப்பாவும் மகனும் ஒரே வண்டியில் போனதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள், படிப்பு என்ன ஆகும், எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் ரோஷன் அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் சிரித்த முகத்தோடு வந்தான்.

அனிட்டாவின் அப்பா ஹெல்மெட்டோடு காத்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. நம் குப்பத்துப் பெண்கள் நடுவழியில் மறித்துவிட்டார்கள். "ஏய் டவுன்ஷிப்பு, இன்னா நீ, வாயத் தொறந்து சொல்லமாட்டியா? நீ பெரிய படிப்பு, எங்களாண்டல்லாம் பேசமாட்டன்னு நெனச்சிகினு இருந்தோம். வா, பப்ஸ் துன்னலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்ட் போட்டு, நிழல் பார்த்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. காலையிலிருந்து நான் உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஜெனி இருந்தால் எப்படிச் செய்திருப்பாள், ஜெனி என்ன சொல்லியிருப்பாள் என்று இந்த இரண்டு வருஷமும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்குமே, அது அன்றைக்கு ஓடவே இல்லை. ரோஷன் இருந்தான், அனிட்டா இருந்தாள், சூசை அண்ணன் இருந்தார். நீ இல்லை.

சோப்புக் கையோடு அழுதேன். உன்னை மறந்துவிட்டேனே என்று முதலில் அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்தது. உன்னைத் தேடித்தான் அந்த ஹாலுக்குள் நான் வந்தேன், மறைக்கவில்லை. ஆனால் இப்போது நான் அங்கே இருப்பது உனக்காக இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில். ஆண்டவர் ஒரு வழியாக என்னிடமும் பேசிவிட்டார்.

ஃபாதரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆபீசிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. மேனேஜர், "எங்க சேரப் போறீங்க, புதுக் கம்பெனியா?" என்றார். "ரொம்பப் பழசு சார்" என்றேன். உன் அம்மா என்ன செய்கிறார்கள் தெரியுமா? எதிர்வீட்டு அக்காவிடம், "எங்க மருமவ மடத்துக்கெல்லாம் போவல, சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவா" என்று அவர்களே விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கூடுவாஞ்சேரியில் ஒரு கூட்டம், அதற்கப்புறம் கடப்பாக்கம். ஆக்‌ஷன் சாங்குக்கு ரோஷனைக் கூட்டிப் போகிறேன். விசிலை அனிட்டாவிடம் கொடுத்துவிட்டேன். முதல் ஊதலிலேயே காக்கையெல்லாம் பறந்துவிட்டன. உனக்குப் பிடித்திருக்கும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். இனி எந்தப் பிள்ளைக்கும் நான் மன்றாட்டு எழுதித் தரமாட்டேன். உன் நினைவுப் பூசைக்கும் அவர்களே எழுதுகிறார்கள். உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். அவர்கள் மைக் முன்னால் வந்து படிக்கும்போது, நீ அங்கேயிருந்து கேட்கிற அதே நேரத்தில்தான் நானும் முதல் தடவையாகக் கேட்பேன். கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

இன்றைக்கும் இடது கையைத் தூக்குகிற,
உன் அண்ணி
ரீட்டா