செல்லம்மாவுக்குப் போட்ட ரப்பர் மேட்

செஞ்சி,
ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு, சீடன் ஒருவனும் கிடைக்காத உங்கள் மகன் குரு எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? மெரினாவிலிருந்து என்னோடு வந்த நம் குதிரை செல்லம்மாவும் நலம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

லாயத்துக் கருங்கல் தரை வழுக்குகிறது என்று முதலாளி அன்புக்கரசி அக்கா ரப்பர் மேட் வாங்கினார். புள்ளி வைத்த தடிமனான மேட்டைத் தேர்ந்தெடுத்தவன் நான். விடியற்காலைக் குளிரில் சுவருக்குச் சுவர் இடைவெளியே விடாமல் பொருத்தினேன். மத்தியான வெயிலில் ரப்பர் விரிந்து, இரண்டு மேட் சேரும் இடம் கூரைபோல் எழும்பியது. அதற்கடியில் செல்லம்மாவின் முன்னங்கால் மாட்டிக்கொண்டது. அவள் உதறினால் எலும்பு முறிந்துவிடும்.

"டேய் குரு, ஆடவுடாம புடிச்சிக்கோ, நான் அறுக்குறேன்!" என்று அக்கா கத்தியோடு உட்கார்ந்தார்.

என் குரலுக்கு அவள் அடங்கவில்லை. உடனே உங்கள் குரலை எடுத்துவிட்டேன். "இன்னாம்மா செல்லம், நைனா கீறேன்ல?" அப்படியே நின்றாள்.

காலில் கீறல்கூட இல்லை. இப்போது சுவரோரம் விரலளவு இடம் விட்டிருக்கிறேன். ஆனால் கால் விடுபட்ட பிறகும், ரொம்ப நேரம் உங்கள் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பேசுவதை போனில் பதிந்து அனுப்புங்கள். குதிரைக்குத்தான்.

அக்கா கூப்பிடுகிறார்.

உங்கள் குரு